மொழிபெயர்ப்புத் தொழிலில் மூத்தோர் வழிகாட்டல்: சங்கங்களின் கைக்கு வந்த வரலாறு

மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் (பேச்சை வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்வது) நெடுங்காலம் மூத்தவரின் அருகிலிருந்து பழகும் தொழில்களாகவே இருந்தன. வெனிஸ் குடியரசு 1551இல் இளைஞர்களைக் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த தன் தூதரின் இல்லத்துக்கு அனுப்பித் துருக்கி மொழி பழக வைத்தது. 1669இல் அமைச்சர் கோல்பேரின் முயற்சியால் பிரான்சும் சிறுவர்களை அங்கே அனுப்பிக் கப்புச்சின் துறவிகளிடம் ஒப்படைத்தது. பொறுப்பு அரசுடையது. மொழிபெயர்ப்பாளருக்கென்று தொழில் சங்கம் என்ற எண்ணமே அப்போது எழவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பன்னாட்டு மாநாடுகள் பெருகியபோது இந்த ஏற்பாடு போதவில்லை. 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் பால் மந்தூ போன்ற உரைபெயர்ப்பாளர்கள் சொந்தத் திறமையாலேயே பெயர் பெற்றார்கள். அவர்களுக்குப் பயிற்சி தந்தவர் எவருமில்லை. ஜெனீவாவில் 1941இல் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஆயினும் 1945 நவம்பரில் தொடங்கிய நூரம்பர்க் விசாரணைக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளில் ஒரே நேரத்தில் பெயர்க்கும் ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டனர். தேர்வானவர்களை நீதிமன்றக் கட்டடத்தின் மேல்தளத்தில் போலி விசாரணை நடத்திப் பழக்கினார்கள். விசாரணை தொடங்கிய பின் 3 அணிகள் முறைவைத்து வேலை செய்தன. ஓர் அணி ஒலிவாங்கியின் முன் இருக்கும்போது இன்னோர் அணி பக்கத்து அறையில் காதொலிக்கருவியில் அதையே கேட்டுக்கொண்டிருக்கும். வழக்கில் புழங்கும் சொற்கள் எல்லா அணிகளிலும் ஒன்றுபோல் வர இது உதவியது. வழிகாட்டல் என்று எவரும் பெயரிடாவிட்டாலும் நடந்தது அதுதான்.

1953இல் பாரிஸில் இரண்டு அமைப்புகள் பிறந்தன. எழுத்து மொழிபெயர்ப்பாளர்களின் நாட்டுச் சங்கங்களை இணைக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று. மாநாட்டு உரைபெயர்ப்பாளர்களின் பன்னாட்டுச் சங்கம் மற்றொன்று. பின்னதில் மூத்தவருக்குக் கிடைத்த வேலை, கற்பிப்பதைவிடச் சாட்சி சொல்வதாகவே இருந்தது. புதிதாகச் சேர விரும்புபவர் குறிப்பிட்ட நாட்கள் மாநாட்டுப் பணி செய்திருக்க வேண்டும். அவருடன் வேலை செய்து அவர் பேச்சைக் காதால் கேட்ட உறுப்பினர்கள், மொழி மொழியாக அவருக்கு உறுதி கூறிக் கையொப்பமிட வேண்டும். தேர்வுத்தாளைவிடச் சக தொழிலாளியின் காது நம்பகமானது என்ற கருத்து இதற்கு அடிப்படை. தெரிந்தவர் இல்லாதவருக்கு வாசல் எளிதில் திறக்காது என்பதுதான் இதன் குறை. ஒலிவாங்கியை அணைத்துவிட்டு வெற்றுக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, நடக்கும் கூட்டத்தை யாருக்கும் கேட்காமல் பெயர்த்துப் பழகும் வழக்கம் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது. அருகில் ஒரு மூத்தவர் அமர்ந்து கேட்டால்தான் அதற்கு முழுப்பயன் உண்டு.

எழுத்து மொழிபெயர்ப்பின் கதை வேறு. ஐ.நா. போன்ற நிறுவனங்களில் புதியவரின் வரைவை மூத்த திருத்துநர் ஒருவர் வரிவரியாகத் திருத்திக் கொடுப்பார். அந்தத் திருத்தக் குறிகளே பாடம். மொழிபெயர்ப்பு தனித்துறை என்பதையும், வெறும் மொழிக்கல்வியிலிருந்து வேறுபட்ட பயிற்சி அதற்கு வேண்டும் என்பதையும் யுனெஸ்கோவின் 1976 நைரோபிப் பரிந்துரை ஏற்றது. ஆனால் நிறுவனங்கள் வேலையை வெளியே கொடுக்கத் தொடங்கியதும் திருத்துநரின் மேசை பலருக்கு எட்டாமல் போனது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் தனித்தொழிலர், அனுப்பிய பிரதி என்ன ஆயிற்று என்றுகூடப் பெரும்பாலும் அறியமாட்டார். சங்கங்கள் வழிகாட்டல் திட்டங்களைக் கையிலெடுத்ததற்கு இந்த வெற்றிடமே முதன்மைக் காரணம் எனலாம்.

1959இல் தோன்றிய அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1973இல் அது உறுப்பினர்களுக்குத் தகுதித் தேர்வைத் தொடங்கியது. வழிகாட்டல் திட்டமோ 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் வந்தது. முதலில் அளவுகோல், பிறகே கைத்தாங்கல். திட்டத்தின் அமைப்பிலும் பழைய முறை தலைகீழாகியது. தனக்கு வேண்டியது என்ன என்பதை இளையவரே முடிவு செய்து கேட்க வேண்டும். மூத்தவர் ஊதியமின்றி நேரம் தருவார். பேச்சு பெரும்பாலும் வாடிக்கையாளரைத் தேடுவது, துறையைத் தேர்ந்துகொள்வது, கெடுவைச் சமாளிப்பது என்று தொழில் நடத்தும் வழிகளைச் சுற்றியே செல்லும். வரைவைத் திருத்தித் தரும் பழைய பாடம் இதில் பின்னுக்குப் போய்விட்டது. இது சிறிய இழப்பல்ல.

புதியவர் முதலில் கேட்கும் கேள்விக்கு மட்டும் அமெரிக்காவில் சங்கத்தின் பெயரால் பதில் சொல்ல முடியாது: எவ்வளவு கட்டணம் கேட்பது? மாநாட்டு உரைபெயர்ப்பாளர் சங்கம் உறுப்பினர்களுக்குக் கட்டணம் வகுத்தது போட்டியைத் தடுப்பதாகக் கூறி, அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1994இல் வழக்குத் தொடுத்தது. அச்சங்கம் அங்கே கட்டணம் நிர்ணயிப்பதற்கு ஆணையம் 1997இல் தடை விதித்தது. அதன் பின் அந்நாட்டுத் தொழில் சங்கங்கள் இவ்விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை காட்டுகின்றன. கட்டணத்தைக் கணக்கிடும் வழியைச் சொல்லித்தருவார்கள், தொகையைச் சொல்லமாட்டார்கள்.