பழைய தோழர்களோடு மீண்டும்: கோல்மன் ஹாக்கின்ஸின் பிற்கால ஒலிப்பதிவுகள்

1939 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் கோல்மன் ஹாக்கின்ஸ் பதிவு செய்த 'பாடி அண்ட் சோல்' மூன்று நிமிடம்தான் ஓடும். பாட்டின் மெட்டைத் தொடக்கத்தில் லேசாகத் தொட்டுவிட்டு, மீதி நேரம் முழுவதும் டெனர் சாக்ஸபோனில் மனோதர்மமாகவே வாசித்துச் செல்கிறார். ஜாஸ் வரலாற்றாசிரியர்கள் இந்த இசைத்தட்டைத் தவறாமல் பேசுகிறார்கள். பேசிய கையோடு லெஸ்டர் யங்குக்கோ சார்லி பார்க்கருக்கோ நகர்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் ஹாக்கின்ஸ் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார், இடைவிடாமல் வாசித்தார். ஐம்பதைக் கடந்தபின், பெரும்பாலும் தன் தலைமுறைக் கலைஞர்களோடு சேர்ந்து 1957 முதல் 1962 வரை அவர் செய்த கூட்டு ஒலிப்பதிவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய புகழை விற்ற தட்டுகள் என்று இவற்றை ஒதுக்குவது எளிது. ஆனால் அந்தத் தலைமுறை, 78 சுழற்சித் தட்டின் மூன்று நிமிட எல்லைக்குள் அடக்க முடியாமல் விட்டுவைத்ததை இவற்றில்தான் வாசித்து முடித்தது என்பதே என் வாதம்.

1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை அறிமுகப்படுத்தியபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. ஐம்பதுகளின் பிற்பாதியில் அந்த இடத்தை நிரப்ப வெர்வ், பிரெஸ்டீஜ், ரிவர்சைடு போன்ற நிறுவனங்கள் முனைப்பாக இருந்தன. மூத்தவர்களுக்கென்றே பிரெஸ்டீஜ் 'ஸ்விங்வில்' என்ற தனி வரிசையைத் தொடங்கியது. வாய்ப்பு அங்கிருந்து வந்தது. ஆனால் பழையவர்களோடு மட்டுமே வாசிக்க வேண்டிய நிலை ஹாக்கின்ஸுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. 1944 பிப்ரவரியில் டிஸ்ஸி கில்லஸ்பியையும் மேக்ஸ் ரோச்சையும் வைத்து, பீபாப் இசையின் முதல் ஒலிப்பதிவு என்று பலரும் கருதும் அமர்வை நடத்தியவர் அவர். தெலோனியஸ் மங்க் முதன்முதலாக ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது அதே ஆண்டு அவருடைய குழுவில். 1957 ஜூனில் 'மங்க்ஸ் மியூசிக்' தட்டில் ஜான் கோல்ட்ரேனுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். இளையவர்களின் மொழி கைவந்த ஒருவர் தன் வயதொத்தவர்களைத் தேடிப் போனார் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் இந்தத் தட்டுகளைக் கேட்பது முறையல்ல.

அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று ஹாலிவுட்டில், தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் ஹாக்கின்ஸையும் பென் வெப்ஸ்டரையும் ஒரே ஒலிப்பதிவில் சேர்த்தார். ஆஸ்கர் பீட்டர்சன் பியானோ, ஹெர்ப் எல்லிஸ் கிட்டார், ரே பிரவுன் பேஸ், ஆல்வின் ஸ்டோலர் டிரம்ஸ். நான்கு வயது இளையவரான வெப்ஸ்டர் தொடக்கத்தில் ஹாக்கின்ஸைப் பார்த்தே டெனர் வாசித்தவர். 1940க்குப் பிறகு டியூக் எலிங்டன் குழுவில்தான் அவருக்கென்று ஒரு குரல் அமைந்தது. 'ப்ளூஸ் ஃபார் யோலண்ட்' பதிவில் ஹாக்கின்ஸ் தொண்டை கிழியும்படி கத்துகிறார். சாக்ஸபோனில் அப்படியொரு கரகரப்பை 1957இல் அவர் வயதுக்காரர் எவரிடமும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வெப்ஸ்டர் மூச்சுக்காற்றும் ஸ்வரமும் பிரியாமல் கலந்து ஒலிக்க, குறைவாக வாசிக்கிறார். 'லா ரோசிட்டா'வில் இருவரும் சேர்ந்து மெட்டை ஏந்திச் செல்கிறார்கள். முப்பதுகளில் இரு டெனர் வாசிப்பாளர்கள் சந்தித்தால் அது போட்டியாகவே முடியும். கேன்சஸ் சிட்டி விடுதிகளில் விடிய விடிய நடந்த அந்தப் போட்டிகள் புகழ்பெற்றவை. இந்தத் தட்டில் வெல்லும் அவசரம் யாருக்கும் இல்லை. அவரவர் சுற்றை முழுமையாக வாசிக்க நேரம் இருந்தது. இந்த மாற்றத்துக்கு வயதும் ஒரு காரணம்தான், ஆனால் நெடுந்தட்டு தந்த இடத்துக்கே நான் கூடுதல் பங்கு தருவேன்.

ஸ்விங்வில் வரிசைக்காக ஹாக்கின்ஸ் செய்தவை பல. 1960இல் டிராம்போன் கலைஞர் விக் டிக்கன்சன், டிரம்பெட் கலைஞர் ஜோ தாமஸ் ஆகியோரோடு பதிவு செய்தார். அதே ஆண்டின் கடைசி நாட்களில் எடி 'லாக்ஜா' டேவிஸோடு 'நைட் ஹாக்' பதிவானது. தரமான வாசிப்பு எல்லாவற்றிலும் உண்டு. ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது எல்லாவற்றிலும் இல்லை.

1961 பிப்ரவரியில் கேண்டிட் நிறுவனத்துக்காகச் செய்த 'ஜாஸ் ரீயூனியன்' அப்படியல்ல. கிளாரினெட் கலைஞர் பீ வீ ரஸ்ஸலும் ஹாக்கின்ஸும் 1929 நவம்பரில் மவுண்ட் சிட்டி ப்ளூ ப்ளோயர்ஸ் என்ற குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தட்டில் வாசிப்பது மிக அரிதாக இருந்த காலம் அது. அன்று பதிவான 'ஒன் அவர்' பாடலில்தான் ஹாக்கின்ஸின் விளம்பகால வாசிப்பு முதன்முதலாக முழு உருவம் பெற்றது. முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து அதே பாட்டை இருவரும் மீண்டும் எடுத்தார்கள். ரஸ்ஸலின் கோணலான, திக்கித் திணறுவதுபோல் ஒலிக்கும் ஸ்வரங்களைப் பிழை என்று சொன்னவர்கள் உண்டு. அந்த வாசிப்பு எப்போதுமே காலத்துக்கு முன்னே போனது என்று கருதியவர் ஹாக்கின்ஸ். இந்தத் தட்டில் அந்த மதிப்பு காதில் கேட்கிறது.

இந்தக் காலகட்டத்தின் உச்சம் என்று நான் கருதுவது பென்னி கார்ட்டரின் 'ஃபர்தர் டெஃபினிஷன்ஸ்', இம்பல்ஸ் நிறுவனம், 1961 நவம்பர். இதன் வேர் பாரிஸில் இருக்கிறது. 1937 ஏப்ரலில் கார்ட்டர், ஹாக்கின்ஸ், பிரெஞ்சுக் கலைஞர்களான ஆந்த்ரே எகியான், அலிக்ஸ் கோம்பெல் ஆகிய நால்வரும் இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர் என்ற அமைப்பில் 'ஹனிசக்கிள் ரோஸ்', 'கிரேஸி ரிதம்' ஆகியவற்றைப் பதிவு செய்தனர். கிட்டார் ஜாங்கோ ரைன்ஹார்ட். வயலினுக்குப் பெயர்போன ஸ்தெபான் கிரப்பெல்லி அன்று பியானோவில் அமர்ந்தார். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து கார்ட்டர் அதே அமைப்பை, அதே இரு பாடல்களோடு திரும்பக் கட்டினார். பிரெஞ்சுக்காரர்களின் இடத்தில் இளையவர்களான ஃபில் வுட்ஸும் சார்லி ரவுஸும் வந்தார்கள். டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ்; பேஸில் அதே மாதம் வில்லேஜ் வேன்கார்டில் கோல்ட்ரேனோடு வாசித்த ஜிம்மி கேரிசன்.

கார்ட்டர் இதில் 'பாடி அண்ட் சோல்' பாட்டையும் சேர்த்தார். 1939இல் ஹாக்கின்ஸ் அந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசித்த பகுதிகளை எடுத்து, நான்கு சாக்ஸபோன்களுக்கும் பிரித்து எழுதினார். ஒரு மனிதர் ஒரே மூச்சில் உருவாக்கியது எழுத்தாகி, மற்றவர்கள் பயின்று வாசிக்கும் பாடமாக அவர் முன்னாலேயே ஒலிக்கிறது. ஹாக்கின்ஸ் தன் பழைய வாசிப்பைத் திரும்பச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் புதிதாக ஒன்றை வாசிக்கிறார், முன்பைவிடக் கடினமான தொனியில், வளைவுகள் குறைந்து. இரண்டு ஹாக்கின்ஸ்களையும் ஒரே பதிவில் கேட்க முடிவது அற்புதம் என்றே சொல்வேன். மூத்த கலைஞர் பழம்பாட்டுக்குத் திரும்புவது எப்போதும் பின்னோக்கிய நடை அல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று என்னிடம் இல்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று இம்பல்ஸ் அவரை எலிங்டனோடு சேர்த்தது. இருபதுகளிலிருந்தே ஒருவரையொருவர் அறிந்த இருவரும் சேர்ந்து ஒரு முழுத் தட்டு செய்தது அதுவே முதல்முறை. ஜானி ஹாட்ஜஸ், ஹாரி கார்னி, லாரன்ஸ் பிரவுன், ரே நான்ஸ் என்று எலிங்டன் குழுவின் தூண்கள் உடனிருந்தார்கள். 'மூட் இண்டிகோ' 1930இல் பிறந்த பாட்டு. இங்கே அதன் நடுப்பகுதி ஏறக்குறைய முழுவதும் ஹாக்கின்ஸுக்கு விடப்பட்டிருக்கிறது. சுற்று சுற்றாக அவர் கட்டி எழுப்புவதை எலிங்டன் பியானோவில் ஒன்றிரண்டு ஸ்வரங்களால் தாங்குகிறார்.

1963 ஜூலையில் சோனி ராலின்ஸோடு செய்த தட்டு வேறு வகை. அங்கே முப்பத்திரண்டு வயது இளைஞர், தான் சிறுவயது முதல் போற்றிய மனிதரின் வாசிப்பைக் குலைத்துக் கேள்வி கேட்கிறார். ஹாக்கின்ஸ் அசரவில்லை. அதன் பிறகு குடியும் பட்டினியும் அவர் உடலை வேகமாக அரித்தன. 1966 டிசம்பரில் பதிவு செய்த 'சிரியஸ்' அவர் இறந்த பிறகே வெளிவந்தது. அதில் மூச்சு குறுகிவிட்டது நன்றாகத் தெரிகிறது. அதே 1966இல் கார்ட்டர் லாஸ் ஏஞ்சலஸில் 'ஃபர்தர் டெஃபினிஷன்ஸ்' தட்டின் தொடர்ச்சியைப் பதிவு செய்தார், ஹாக்கின்ஸ் இல்லாமல். எழுத்து அதே தேர்ச்சியோடு இருக்கிறது. எழுத்தை மீறிப் போகும் அந்த ஒரு டெனர்தான் அதில் இல்லை.