விமானப் பயணியும் நோய்த்தடைச் சான்றும்

பயணியிடம் சுகாதாரச் சான்று கேட்பது நேற்று முளைத்த வழக்கமன்று. 1377ஆம் ஆண்டிலேயே இரகூசா நகரத்தார், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தோரை முப்பது நாள் ஊருக்குப் புறம்பே நிறுத்தினர். நம் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரும் மண்டபம் முகாமில் நாட்கணக்காகத் தடுத்துவைக்கப்பட்ட பின்னரே தலைமன்னாருக்குக் கப்பலேறினர்.

கப்பலுக்குப் பொருந்திய இம்முறை ஆகாய விமானத்துக்குப் பொருந்தவில்லை. நோயின் குறி தோன்றுமுன்னரே பயணி மறுகரை சேர்ந்துவிடுகிறார். ஆதலால் 1933இல் ஹேக் நகரில் விமானப் போக்குவரத்துக்கெனத் தனிச் சுகாதார உடன்படிக்கை எழுந்தது. காலப்போக்கில் ஆளைத் தடுப்பதினும் அம்மைப்பால் குத்திய சான்றைக் கேட்பதே வழக்கமாயிற்று. வைசூரி ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டபின் அச்சான்று வேண்டாததாயிற்று. மஞ்சட்காய்ச்சற் சான்று மட்டும் நீடிக்கிறது. ஊசி ஏற்றிப் பத்து நாள் சென்ற பின்னரே அது செல்லும்.

2020இல் கோவிட் பரவியபோது நாடுகள் தத்தம் போக்கில் விதி வகுத்தன. அஸ்ட்ராசெனெக்கா தடுப்பூசியையே இந்தியாவிற் கோவிசீல்ட் என்னும் பெயரிற் செய்தனர். ஆயினும் 2021இல் அதனை இந்தியாவில் ஏற்றிக்கொண்டு வந்தோரைப் பிரித்தானியா, ஊசியே ஏற்றாதோராகச் சில காலம் நடத்தியது. இதனை மருத்துவம் என்பதா, மானப்பிரச்சினை என்பதா! இந்தியாவும் ஒக்டோபர் 4 முதல் பிரித்தானியருக்குப் பத்து நாள் தனிமைப்படுத்தலை விதித்தது. ஒக்டோபர் 11 முதல் பிரித்தானியா இந்தியச் சான்றை ஏற்றது.