கைமாற்றாக வந்த பேருந்துகள் – லண்டன், 1940



பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்குவது நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு மாநகரமே மற்ற ஊர்களிடம் பேருந்துகளைக் கைமாற்றாக வாங்கிய கதை தெரியுமா? இரண்டாம் உலகப்போரின்போது லண்டனில் அது நடந்தது. போர் வரலாறு என்றாலே சர்ச்சில், ஹிட்லர், போர் விமானங்கள் என்றுதான் படிக்கிறோம். குண்டு விழுந்த மறுநாள் காலையில் மக்கள் வேலைக்கு எப்படிப் போனார்கள் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. லண்டனின் பேருந்து, டிராம், டிராலிபஸ், சுரங்க ரயில் எல்லாம் 1933 ஜூலை 1 அன்று ஒரே வாரியத்தின் கீழ் வந்தன. மக்கள் அதை 'லண்டன் டிரான்ஸ்போர்ட்' என்று அழைத்தார்கள். மற்ற ஊர்களில் நிலைமை வேறு. மான்செஸ்டர், லீட்ஸ், ஹாலிஃபாக்ஸ் போன்ற ஊர்களில் அந்தந்த மாநகராட்சியே பேருந்துகளை ஓட்டியது. சில இடங்களில் தனியார் கம்பெனிகள் ஓட்டின. ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு கட்டணம். யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல.

1940 செப்டம்பர் 7 அன்று ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது பெரும் தாக்குதலைத் தொடங்கின. தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்தது. அக்டோபர் 14 இரவு பால்ஹாம் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே இருந்த சாலையில் ஒரு குண்டு வெடித்தது. அந்தப் பள்ளத்துக்குள் ஒரு மாடிப் பேருந்து தலைகுப்புற விழுந்தது. கீழே நிலையத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் பாதைகள் ஆங்காங்கே அறுந்தன. ரயிலில் போக முடியாதவர்கள் எல்லோரும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். பேருந்துகளோ குண்டுவீச்சில் சேதமாகிக் கொண்டிருந்தன. புறநகர்களுக்கு ஓடிய 'கிரீன் லைன்' வண்டிகளில் பலவற்றை 1939-லேயே ஆம்புலன்ஸ்களாக மாற்றியிருந்தார்கள்.

அந்த அக்டோபரில் லண்டன் மற்ற ஊர்களிடம் உதவி கேட்டது. அடுத்த சில வாரங்களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 470 பேருந்துகள் வந்து சேர்ந்தன! சிவப்புப் பேருந்துகளையே பார்த்துப் பழகிய லண்டன்வாசிகள், ஹாலிஃபாக்ஸின் ஆரஞ்சு, பச்சை, கிரீம் நிற வண்டிகளிலும் ஏறினார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நடைமுறையில் அவ்வளவு எளிதல்ல. லண்டனில் பெரும்பாலும் ஏ.ஈ.சி. கம்பெனி வண்டிகள். மான்செஸ்டரில் உள்ளூர்த் தயாரிப்பான கிராஸ்லியும், லேலண்டும் அதிகம். ஒன்றின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. லண்டன் ஊர்ப்பெயர்கள் வெளியூர் வண்டியின் பெயர்ப் பலகையில் இருக்காது. இதையெல்லாம் பணிமனைக்காரர்கள் வேலை நடக்கும்போதே சமாளிக்க வேண்டியிருந்தது.

பேருந்து மட்டுமல்ல, டிராலிபஸ்ஸும் வந்தது. மேலே உள்ள கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் வண்டி அது. தென்கடற்கரையில் உள்ள போர்ன்மவுத் ஒரு சுற்றுலா ஊர். போர்க்காலத்தில் கடற்கரைக்கு யார் போவார்கள்? அங்கே வண்டிகள் மிச்சமாக இருந்தன. 1940 டிசம்பரில் அந்த ஊர் 18 மஞ்சள் நிற டிராலிபஸ்களை லண்டனுக்கு அனுப்பியது. அவை இல்ஃபோர்ட் பகுதியில் ஓடின. அங்கே வேலை முடிந்ததும் வேறு ஊர்களுக்கும் இரவலாகப் போயின. நியூகாசிலும் அவற்றில் ஒன்று.

போர்ன்மவுத்திடம் மிச்சம் இருந்தது, கொடுத்தது. எல்லா ஊருக்கும் அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த குண்டு தங்கள் தலையில் விழுமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் பல ஊர்கள் வண்டிகளை அனுப்பின. அந்தப் பயம் வீணானதும் அல்ல. நவம்பர் 14 இரவு கோவென்ட்ரி நகரம் எரிந்தது. அந்த இரவோடு அங்கே டிராம் ஓட்டமே நின்றுவிட்டது, பிறகு ஓடவேயில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, லண்டனுக்கு வண்டி கொடுத்த மான்செஸ்டரே தாக்கப்பட்டது.

டிசம்பர் 12-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் ஷெஃபீல்ட் தாக்கப்பட்டபோது 31 டிராம்கள் அழிந்தன. அந்த ஊருக்குப் போர்க்காலத்திலேயே நியூகாசில் 14 பழைய டிராம்களையும், பிராட்ஃபோர்ட் 10 பழைய டிராம்களையும் விற்றன. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பிராட்ஃபோர்டில் தண்டவாள அகலம் 4 அடி. ஷெஃபீல்டில் 4 அடி எட்டரை அங்குலம். சக்கர அமைப்பை மாற்றித்தான் அந்த வண்டிகளை ஓட்ட முடிந்தது. அவற்றில் ஒன்று பிற்காலத்தில் தண்டவாளத்தைத் தேய்த்துச் சீராக்கும் வண்டியாக வேலை செய்து, கடைசியில் கிரிச் என்ற ஊரின் டிராம் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இனிதான் கதையின் முக்கியமான பகுதி. 1941-இல் லண்டன் மீதான தாக்குதல் தணிந்தது. வெளியூர்ப் பேருந்துகள் வீடு திரும்பின. அந்த ஆண்டு இறுதியிலிருந்து லண்டன் தன்னுடைய மாடிப் பேருந்துகளில் 300க்கும் மேற்பட்டவற்றை வெளியூர்களுக்கு இரவல் கொடுத்தது. அங்கே இராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் போய்வர வண்டி தேவைப்பட்டது. நேற்று வாங்கியவர் இன்று கொடுத்தார்!

இதில் நான் கவனித்தது ஒன்று. இதைத் தர்மம் என்று சொல்ல முடியாது. தர்மத்தில் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. கைமாற்றில் இருவரும் சமம், ஏனென்றால் நாளைக்கு யார் யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியாது. எல்லா ஊரும் ஒரே நிறுவனமாக இருந்ததால் இந்த உதவி நடக்கவில்லை. தனித்தனியாக, வேறு வேறு நிறத்தில், வேறு வேறு சக்கர அகலத்தில் இருந்தபோதே நடந்தது.

போரில் வீரர்களின் பெயர் கல்வெட்டில் நிற்கும். பள்ளங்களுக்கு நடுவே தொழிலாளியை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த ஆரஞ்சு, மஞ்சள் வண்டிகளுக்கும் வரலாற்றில் ஒரு வரி கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?