44 நாள் மேனேஜர்

1974ஆம் ஆண்டு செப்டம்பர் 12. இங்கிலாந்தின் நடப்பு லீக் சாம்பியனான லீட்ஸ் யுனைடெட் தன் மேனேஜரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் பெயர் பிரையன் கிளஃப். பதவியில் இருந்தது மொத்தம் 44 நாட்கள். ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி!

அதே மனிதர் ஐந்து வருடம் கழித்து ஐரோப்பியக் கோப்பையை வென்றார். அடுத்த வருடம் மறுபடியும் வென்றார். லீட்ஸுடன் அல்ல, அப்போது யாரும் பெரிதாக மதிக்காத நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியுடன். 44 நாளில் தோற்றவர் எப்படி ஐரோப்பாவையே வென்றார்? ஒரு அணி ஜெயிப்பதும் தோற்பதும் எதனால்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே கதையில் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் முன்கதை. கிளஃப் சாதாரண ஆள் இல்லை. ஆட்டக்காரராக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்தவர். 1962 டிசம்பரில் முழங்காலில் பட்ட அடி அவருடைய ஆட்ட வாழ்க்கைக்கே முடிவு கட்டியது. 30 வயதில் மேனேஜர் ஆனார். இரண்டாம் டிவிஷனில் கிடந்த டெர்பி கவுன்ட்டியை மேலே கொண்டுவந்து 1972ல் லீக் சாம்பியன் ஆக்கினார். பிறகு இயக்குநர்களுடன் சண்டை போட்டு 1973 அக்டோபரில் ராஜினாமா செய்தார். வாய் அப்படி!

அந்த வாய்தான் லீட்ஸிலும் வினையானது. டான் ரெவி என்பவர் 13 வருடம் கட்டி வளர்த்த அணி அது. வீரர்களுக்கு ரெவி அப்பா மாதிரி. அவர் இங்கிலாந்து அணிக்கு மேனேஜராகப் போனதும் அந்த நாற்காலிக்கு வந்தவர் கிளஃப். இதே கிளஃப்தான் லீட்ஸ் முரட்டு ஆட்டம் ஆடுகிறது, ஏமாற்றுகிறது என்று டிவியிலும் பத்திரிகையிலும் பல வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தவர். வந்த புதிதில் வீரர்களைக் கூப்பிட்டு, நேர்மையாக ஜெயிக்காத உங்கள் பதக்கங்களையெல்லாம் குப்பையில் போடுங்கள் என்று சொன்னார்.

அதன் பிறகு எந்த வீரன் அவருக்காக ஓடுவான்?

இன்னொரு விஷயமும் உண்டு. பீட்டர் டெய்லர் என்ற உதவியாளர் ஆரம்பத்திலிருந்தே கிளஃப்புடன் இருந்தவர். ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். கிளஃப் கத்தினால் சூட்டைத் தணிப்பவரும் அவரே. லீட்ஸுக்கு டெய்லர் வரவில்லை, பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். கிளஃப் தனியாகப் போனார், தனியாகவே திரும்பினார்.

இப்போது கவனிக்க வேண்டிய இடம். கிளஃப் போனதும் ஜிம்மி ஆர்ம்ஃபீல்டு என்ற அமைதியான மனிதர் வந்தார். ஏறக்குறைய அதே வீரர்கள்தான். 1975ல் லீட்ஸ் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய் பேயர்ன் மியூனிக்கிடம் தோற்றது. ஆக, அணியில் திறமைக்குக் குறைவில்லை. மேனேஜருக்கும் திறமைக்குக் குறைவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நம்பிக்கைதான் இல்லை.

1975 ஜனவரியில் கிளஃப் ஃபாரஸ்டுக்கு வந்தார். அணி அப்போது இரண்டாம் டிவிஷனில் 13வது இடம். அந்த சீசன் முடிவில் 16வது இடம்! லீட்ஸாக இருந்திருந்தால் மறுநாளே மூட்டை கட்டியிருப்பார்கள். ஃபாரஸ்ட் பொறுத்திருந்தது. அடுத்த சீசனில் 8வது இடம். 1976ல் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977ல் மூன்றாவதாக வந்து முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். ஏறிய முதல் வருடமே, 1978ல், லீக் சாம்பியன்!

வெளியிலிருந்து வாங்கிய நட்சத்திரங்களால் மட்டும் வந்த வெற்றி இல்லை இது. கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனை வாங்கினார்கள். 1979ல் டிரெவர் ஃபிரான்சிஸை வாங்கினார்கள், பிரிட்டனின் முதல் பத்து லட்சம் பவுண்டு ஆட்டக்காரர் அவர். ஆனால் மார்ட்டின் ஓ'நீல், விவ் ஆண்டர்சன், டோனி உட்காக், ஜான் ராபர்ட்சன் எல்லோரும் கிளஃப் வருவதற்கு முன்பே ஃபாரஸ்டில் இருந்தவர்கள். அதில் ராபர்ட்சன் குண்டான உடம்பு, கையில் சிகரெட் என்று, யாராவது வாங்கினால் போதும் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர். 1979ல் மால்மோவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் தூக்கிப் போட்ட பந்தைத்தான் ஃபிரான்சிஸ் தலையால் முட்டி கோலாக்கினார். 1980ல் ஹாம்பர்க்கிற்கு எதிராக ஒரே கோலை அடித்தவரும் ராபர்ட்சனே. வேண்டாத சரக்கு என்று மூலையில் கிடந்தது கடையின் பெரிய சொத்தாகிவிட்டது!

எல்லாவற்றையும் விட ஜான் மெக்கவர்ன் கதை முக்கியம். கிளஃப் அவரை டெர்பியிலிருந்து லீட்ஸுக்கு அழைத்து வந்தார். லீட்ஸ் ரசிகர்கள் மெக்கவர்னைக் கூச்சல் போட்டு விரட்டினார்கள். ஃபாரஸ்டில் அவர்தான் கேப்டன். இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளையும் கையில் ஏந்தியவர் அவர். அதே கால்கள், அதே மேனேஜர். மாறியது இடம் மட்டும்தான்.

கதையின் முடிவு அவ்வளவு இனிமையாக இல்லை. 1982ல் டெய்லர் ஃபாரஸ்டை விட்டுப் போனார். அடுத்த வருடம் டெர்பி மேனேஜராக இருந்துகொண்டு ராபர்ட்சனைத் தன் அணிக்கு இழுத்துக்கொண்டார். நண்பர்கள் பேச்சை நிறுத்தினார்கள். 1990ல் டெய்லர் இறந்தபோதும் அந்தப் பிளவு ஆறவில்லை. டெய்லர் போன பிறகு கிளஃப் லீக் கோப்பைகளை வென்றார், ஆனால் லீக் பட்டத்தை ஒருபோதும் வெல்லவில்லை. 1993ல் ஃபாரஸ்ட் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, அதோடு அவரும் ஓய்வு பெற்றார்.

மூன்று ஆட்டம் தோற்றால் மேனேஜரை மாற்று என்ற குரல் இன்றும் எல்லா ஊரிலும் கேட்கிறது. சில சமயம் மாற்றுவது சரிதான், ஆர்ம்ஃபீல்டே சாட்சி. ஆனால் 16வது இடத்தில் ஃபாரஸ்ட் பொறுமை இழந்திருந்தால் அந்த இரண்டு கோப்பைகளும் இல்லை. திறமை, பணம் இரண்டும் வேண்டும். கூடவே வீரர்களின் நம்பிக்கை, பக்கத்தில் சரியான ஒரு ஆள், கொஞ்சம் அவகாசம் இவையும் வேண்டும். லீட்ஸில் கிளஃப்புக்கு இந்த மூன்றுமே இல்லை. அதில் பாதிக் குற்றம் அவருடையதே!