கயிற்றை அவிழ்த்து விடுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி வரை நம் கரையோரத்தில் புயல் பேச்சுதான். இந்த நேரத்தில் எனக்கு இரண்டு நாய்களின் நினைவு வரும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த அந்தக் காலை கிள்ளைக்காரர் எவருக்கும் மறக்காது. பிச்சாவரம் உப்பங்கழியை ஒட்டிய மணல் திட்டுகளில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகிய மீனவர் குடியிருப்புகளை அலை வாரிக்கொண்டு போனது. நான் அப்போது அரசு எழுத்தர். இழப்புக் கணக்கெடுக்கும் வேலை வந்தது. வீடு, படகு, வலை, மாடு, ஆடு என்று படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கலம்.

தன் முறை வந்ததும் ஒரு பாட்டி சொன்னார்: "ஐயா, எங்க நாயையும் எழுதிக்குங்க. கட்டிப் போட்டிருந்துது. அவுக்க நேரமில்ல."

"நாய்க்கெல்லாம் பணம் கிடையாதும்மா."

"பணம் கேக்கலைங்க. செத்துப்போச்சுன்னு எழுதணுமில்ல?"

நான் எழுதவில்லை. கலம் இல்லையே.

பின்னாளிலும் நிலைமை அதுவாகத்தான் இருந்தது. 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண நிதி விதிகளில் கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. பிழைப்புக்கு உதவும் பிராணிக்குத்தான் ஈடு. நாய்க்கும் பூனைக்கும் இல்லை. அரசு தரும் பணத்துக்கு அது நியாயமான கணக்கு. ஆனால் ஆபத்து நேரத்தில் மனிதர்கள் இந்தக் கணக்குப்படி நடப்பதில்லை.

1970 நவம்பரில் கிழக்கு பாகிஸ்தானை போலா புயல் தாக்கி லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். பிறகு வங்கதேசக் கரையோரத்தில் மனிதரும் மாடும் சேர்ந்து ஏறி நிற்க உயரமான மண்மேடுகளை எழுப்பினார்கள். 'முஜிப் கில்லா' என்று பெயர். கில்லா என்றால் கோட்டை. அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலின்போது, வளர்த்த பிராணியை விட்டு வரமாட்டோம் என்று பலர் வெள்ளத்திலேயே தங்கிவிட்டார்கள். மீட்புத் திட்டத்தில் வீட்டுப் பிராணிகளையும் சேர்க்க வேண்டுமென்று மறு வருடமே அங்கே சட்டம் வந்தது.

இவ்வளவு சொல்லும் நான் என்ன செய்தேன்? 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்தின இரவே நாங்கள் பக்கத்து மாடி வீட்டுக்குப் போய்விட்டோம். எங்கள் நாய் மணியைக் கொட்டகைத் தூணில் கட்டி வைத்தேன். பயந்து எங்காவது ஓடிவிடும் என்று நினைத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் கொட்டகை சரிந்து கிடந்தது. கயிறு மட்டும் அறுபடவே இல்லை. பாட்டி சொல்லி ஏழு வருடம்தான் ஆகியிருந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது, லா ஃபோன்தேன் 1668-இல் வெளியிட்ட 'ஓநாயும் நாயும்' கதையை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். நாயின் கழுத்தில் பட்டை தேய்த்த தழும்பைப் பார்த்து, நினைத்த இடத்துக்கு உன்னால் ஓட முடியாதா என்று ஓநாய் கேட்கும். அறுபது வயதில்தான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

ஆகவே நண்பர்களே, புயல் எச்சரிக்கை வந்தால் ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே நாயின் தடுப்பூசி அட்டையையும் வையுங்கள். மூன்று நாள் தீனியும் தண்ணீரும் தனியாக இருக்கட்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். மாடானாலும் நாயானாலும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கூடவே அழைத்துப் போவதுதான் நல்லது. முடியவே முடியாதென்றால் அவிழ்த்து விட்டுப் போங்கள். கட்டி வைக்காதீர்கள்.

அந்தப் பாட்டி இன்று இல்லை. அவர் நாயின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது செத்துப்போனதை இன்றுதான் எழுதுகிறேன்.