பரங்கிமலையிலிருந்து எவரெஸ்ட் வரை

மேல்நிலைப் பள்ளியில் நான் புவியியலை விரும்பி ஏற்றேனல்லேன். மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிட்டும் என்பதே என் எண்ணம். ஒருநாள் ஆசிரியர் எவரெஸ்டின் உயரத்தை வினவினார். தயங்காது விடை பகர்ந்தேன். "அந்த அளவை எங்கே தொடங்கிற்று, தம்பி?" என்றார். நான் வாய்மூடி நின்றேன். "நம் பரங்கிமலையில்" என்று அவர் சொன்னபொழுது வகுப்பே வியந்தது.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கருவியோ நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளுமன்றோ? ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளிற் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துத் திருத்தம் செய்தனர். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால், ஏனைய பக்கங்களைக் கணக்கினாலேயே அறியலாம். அவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடெங்கும் அளவை பரவிற்று.

கோணம் அளக்கும் கருவி அரை டன் எடையுள்ளது. 1808இல் அதனைத் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனந்தளராது, ஆறு வாரம் உழைத்து அதனைச் செப்பனிட்டார். 1823இல் பணியிடையே இங்கன்காட்டில் உயிர் நீத்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் 1843இல் ஓய்வு பெற்றார்.

சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவிக்கப்பெற்றது. அதற்கான கணக்கீட்டில் தலைமை வகித்தவர் வங்காளத்து இராதாநாத் சிக்தார். ஆயினும் மலை பெற்றது எவரெஸ்டின் பெயரையே. 2020இல் அறிவிக்கப்பெற்ற உயரம் 8,848.86 மீட்டர், பழைய கணக்கிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மீட்டரே வேறுபாடு!

இவ்வளவை அன்னியர் ஆட்சிக்கும் துணை நின்றது என்பதை மறத்தலாகாது. காடுகளிற் காய்ச்சலுக்கு இரையான சங்கிலிக்காரரும் கொடி பிடித்தோரும் எந்தச் சிகரத்திலும் பெயர் பெற்றாரல்லர்.

மறுநாள் ஆசிரியர் எங்களைப் பள்ளி வெளிக்கு அழைத்துச் சென்று, அளவு நாடாவும் கோணமானியும் தந்து, அரசமரத்தின் உயரத்தைக் காணச் சொன்னார். என் விடை மூன்றடி பிழைத்தது. எனினும் அன்றுதான் நான் புவியியல் கற்கத் தொடங்கினேன். நீங்களும் நிலப்படத்தை விரிக்கும்பொழுது, அதன் ஒவ்வொரு கோட்டையும் நடந்தே வரைந்த கால்களை ஒருகணம் நினைமின்.