புளூ பிரிண்ட் காலத்துக் கணிதம்

கல்லூரிகளில் நடந்துவந்த புகுமுக வகுப்புக்கு மாற்றாக, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் 1978-ல் தொடங்கின. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது. கணிதத்தை மாணவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதைப் பாடநூலைவிட வினாத்தாளின் அமைப்பே அதிகம் தீர்மானித்துவந்திருக்கிறது.

200 மதிப்பெண் முறையின் கடைசிப் பத்தாண்டுகளில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 40. ஆறு மதிப்பெண் வினாக்கள் 16 கொடுத்து 10 எழுத வேண்டும். பத்து மதிப்பெண் வினாக்களும் அப்படியே. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வரும் என்பதை ‘புளூ பிரிண்ட்’ முன்பே சொல்லிவிடும். பகுமுறை வடிவகணிதத்தில் பத்து மதிப்பெண் வினா மூன்று, வெக்டர் இயற்கணிதத்தில் இரண்டு, அணிகள், கலப்பெண்கள், தனிநிலைக் கணக்கியல், நிகழ்தகவுப் பரவல் ஆகியவற்றில் ஒவ்வொன்று. இந்த ஆறு பாடங்களே ஒன்பது வினாக்களைத் தந்துவிடும். தேர்ச்சிக்கு வேண்டியது 70 மதிப்பெண்தான். எனவே நுண்கணிதத்தைத் தொடாமலே தேறிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் ஏராளம். பாடத்திட்டத்தின் முதுகெலும்பே அதுதான் என்பது வேறு விஷயம்.

இரு கோணங்களின் வேறுபாட்டுக்கான கொசைன் சூத்திரத்தை வெக்டர் முறையில் நிறுவுவது, முக்கோணத்தின் குத்துக்கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் எனக் காட்டுவது போன்ற நிரூபணங்கள் வரிக்கு வரி மனப்பாடம் செய்யப்பட்டன. ஒரு கணம் குலமாகும் என நிறுவ அடைப்பு, சேர்ப்பு, சமனி, எதிர்மறை என்று நான்கு விதிகளையும் வரிசையாக எழுதிவிட்டால் போதும். குலம் எதற்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஒரு மதிப்பெண்ணுக்குப் பாடநூலின் ‘புக் பேக்’ வினாக்களும், பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிட்ட, ‘கம் புக்’ எனப்பட்ட வினா நூலும். கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விடையை மட்டும் நினைவில் வைத்தவர்களும் உண்டு. அரையாண்டுக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்புதல் தேர்வுகள் நடக்கும்.

2007 சேர்க்கையிலிருந்து தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு இல்லாமல் போனது. பொறியியல் கட்-ஆஃப் முழுவதும் பிளஸ் டூ மதிப்பெண்ணைச் சார்ந்தது. அதன் 200-ல் 100 கணிதத்துக்கு. ‘சென்டம்’ மீதான மோகம் இதனால் உச்சத்துக்குப் போனது. நாமக்கல் வட்டார விடுதிப் பள்ளிகள் பெயர் பெற்றதும் இந்தப் போட்டியில்தான். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே புகட்டின. வகைக்கெழுவின் அடிப்படை பிளஸ் ஒன்னில் இருக்க, அதன் பயன்பாடுகள் மட்டும் மனத்தில் ஏறின. விளைவு கல்லூரி முதலாண்டில் தெரிந்தது.

இதைத் தடுக்கவே 2017-ல் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வை அறிவித்தது. பாடத்துக்கு மதிப்பெண் 100 ஆனது. கணிதத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. 2018, 2019-ல் புதிய பாடநூல்கள் வந்தன. புளூ பிரிண்ட் கைவிடப்பட்டது. புத்தகத்துக்கு வெளியிலிருந்தும் வினா வரும் என்பதால் பாடத்தை ஒதுக்கிப் படிப்பது ஆபத்தானது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு மட்டும் நிலைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2025–26 கல்வியாண்டிலிருந்து அது நீக்கப்பட்டது.